காசிக்குப் போக இருந்த கம்பளி

முப்பத்து நான்கு டிகிரி. அக்டோபர் மாதம், காலை பதினொரு மணி. மயிலாப்பூர் முடிந்து ராயப்பேட்டை தொடங்குகிற இடத்தில் ஒரு சந்து. அங்கே ஜம்யாங், விரல் தடிமனுள்ள ஸ்வெட்டர் ஒன்றைப் பலகையில் கிடத்தி, இஸ்திரி போடுகிறவரைப் போல உள்ளங்கையால் நீவிக்கொண்டிருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. நெற்றியிலிருந்து வழிகிற வியர்வை ஸ்வெட்டரில் விழாதபடி தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்துக்கொள்கிறார்.

"இன்னா தலைவா, உன்னப் பார்த்தாலே வேர்க்குது!" என்று ஓர் ஆட்டோக்காரர் கத்திக்கொண்டே போகிறார்.

"வேர்க்கட்டும் நைனா. வேர்த்தா உயிரோட கீறோம்னு அர்த்தம்."

இந்த நகரத்தில் வெயிலுக்கு நன்றி சொல்கிற மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அதுவும் பேச்சுக்குச் சொல்வதில்லை. காலையில் கடையைப் பிரித்ததும் சூரியன் இருக்கிற பக்கம் பார்த்து ஒரு சல்யூட். ராணுவத்தில் பதினெட்டு வருடம் போட்ட சல்யூட், இன்னும் விறைப்பு குறையவில்லை.

ஜம்யாங்குக்கு அறுபத்தைந்து வயது. திபெத்திலிருந்து அப்பாவின் முதுகில் ஏறிப் பனிக்கணவாய் தாண்டி வந்தபோது வயது இரண்டு. இமாசலத்தில் அகதிகள் ரோடு போட்ட முகாம்களில் வளர்ந்தார். இருபது வயதில் இந்திய ராணுவத்தின் மலைப்படையில் சேர்ந்தார். எங்கே இருந்தார், எந்தச் சிகரம், யாரோடு சண்டை என்று கேட்டால் ஒரே பதில்தான்: "மேல இருந்தேன்." ஆகாயத்தைக் காட்டுகிற விரல் அதற்கு மேல் எதையும் காட்டாது. படையிலிருந்து வந்து, ஒரு குளிர்காலம் மட்டும் ஸ்வெட்டர் விற்றுப் பார்க்கலாம் என்று சென்னைக்கு ரயில் ஏறினார். அது நடந்து இருபத்தாறு குளிர்காலம் ஆகிவிட்டது. மனைவி காலமானார், மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். இவர் இங்கேயே தங்கிவிட்டார். கோடையில் பருத்தித் தொப்பியும் துண்டும் விற்கிறார். சந்துக்காரர்களுக்கு அவர் ஜம்பு.

சென்னைக்கு இவரை அழைத்து வந்தவர் பவுல்சாமி. மேலே ராணுவ லாரி ஓட்டிய ராயப்பேட்டைக்காரர். இந்தச் சந்தில் இருப்பது அவர் வீட்டு மதில்தான். கடையும் அந்த மதிலோரம்தான். சரக்கு மூட்டைகள் அவர் கார் ஷெட்டில். ஜம்யாங் படுப்பது அவர் மாடி அறையில். வாடகை என்று பேச்செடுத்தால் பவுல்சாமியின் மனைவி ஐவி டீச்சர் பள்ளிக்கூடக் குரலில் "ஸ்டாப் இட்" என்பார். அத்தோடு சரி.

பவுல்சாமி தினமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கடை பக்கத்தில் போட்டு உட்காருவார். வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும் அவருக்கு.

"இவர் கால நாந்தான் காப்பாத்துனேன், தெரியுமா? பனியில கட்டையாப் போச்சு. ராத்திரி ஃபுல்லா மடியில வெச்சுக்கினு ஸ்டவ்வுல காட்டிக்கினே இருந்தேன். இல்லாங்காட்டி முட்டியோட எடுத்திருப்பானுங்க. இன்னா ஜம்பு?"

"ஆமா. பவுலுதான்" என்பார் ஜம்யாங், நிமிராமலே. இருபத்தாறு வருடமாக அதே கேள்வி, அதே பதில். இடது காலில் இரண்டு விரல் இல்லாததைப் பவுல்சாமி சொல்வதில்லை. ஜம்யாங்கும் காட்டுவதில்லை. வெயிலிலும் ஷூ போட்டிருப்பார்.

ஒரே ஒரு நேரம் மட்டும் கழற்றுவார். இரண்டு பக்கமும் அடுக்குமாடி எழும்பிய சந்து அது. நடுப்பகலில் ஒரு மணி நேரம்தான் தரையில் வெயில் விழும், அதுவும் பாய் அகலத்துக்கு. அந்த நேரத்தில் ஜம்யாங் ஸ்டூலை நகர்த்தி, மூட்டை மறைவில், இடது ஷூவையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தை வெயிலில் வைப்பார். பனி கடித்த கால் சாகும்வரை குளிர் தாங்காது. ஏசி பஸ்ஸில் ஏற மாட்டார். வங்கிக்குப் போனால் வாசலில் நின்றே வேலையை முடிக்கப் பார்ப்பார். ஆனால் அந்த வெயிலில் பாதியை எதிர்வீட்டு ஸ்ரீவத்சனின் வெள்ளைக் கார் எடுத்துக்கொள்ளும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். கார் அசைவதே இல்லை. பம்பருக்கும் மதிலுக்கும் நடுவில் கிடைக்கிற ஒரு முழத்தில் பாதத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொள்வார் ஜம்யாங்.

மெட்ரோ வேலைக்காகப் பெரிய சாலையை அடைத்த பிறகு ஜனங்கள் இந்தச் சந்து வழியாகத்தான் நடக்கிறார்கள். அதனால் வியாபாரம் பரவாயில்லை. ஆனால் இவர் வியாபாரம் செய்கிற விதம் வேறு. ஸ்வெட்டரைத் தொட்டவுடன் விலை சொல்ல மாட்டார். "எங்க போறே?" என்று கேட்பார். வக்கீலானாலும் காலேஜ் பெண்ணானாலும் "போறே"தான். பவுல்சாமி கற்றுக்கொடுத்த தமிழில் மரியாதைப் பாடம் விட்டுப்போய்விட்டது.

"கச்சேரிக்கு. சபால ஏசி ஜாஸ்தி."

"அது பொய்க் குளிர்மா. சால்வை போதும்."

"சிகாகோ போறேன், அங்கிள்."

"அங்க போய் வாங்கிக்கோ. இத்த ஏர்போர்ட் வாசல் வரிக்கும் போட்டுக்கோ."

"கொடைக்கானல்…"

"ஹனிமூனா?" பையன் வெட்கப்பட்டால், "ஒண்ணு வாங்கு, போதும்" என்று சிரிக்காமல் சொல்வார். இப்படித் தானே தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்து, பக்கத்தில் பழைய தையல் மெஷினோடு உட்கார்ந்து பை, பெட்டி ஜிப் தைக்கிற நூர் முஹம்மது தலையில் அடித்துக்கொள்வார்.

"காசிக்கு" என்று யாராவது சொன்னால் மட்டும் ஜம்யாங் எழுந்து நின்றுவிடுவார். தை மாதம், விடியற்காலை, கங்கையில் முங்கி எழுகிற எழுபது வயதுக்காரர்கள். அந்தக் குளிர் மெய்க்குளிர். அதற்கென்று தனியாக ஒரு மூட்டை வரும். கடையில் தொங்குகிற சரக்கெல்லாம் லூதியானா மில் ஸ்வெட்டர். நூலில் கம்பளி பேருக்குத்தான். காசி மூட்டை அப்படியில்லை. அவர் வளர்ந்த முகாம் பக்கத்துப் பெண்கள் கையால் பின்னுகிற அசல் கம்பளி. வருடத்துக்கு ஒரு மூட்டைதான் தேறும். அதைத்தான் பலகையில் கிடத்தி நீவுவார். "ஆடு மாதிரி நைனா இது. தொங்கவுட்டா செத்துப்பூடும்." வருடாவருடம் பொங்கல் முடிந்ததும் முப்பது பெரியவர்களைக் காசிக்கு அழைத்துப் போகிற கணேசமூர்த்தி, ஆடியிலேயே சொல்லிவைத்துவிடுவார். எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மி மாமி, ஸ்ரீவத்சனின் அம்மா, இந்த வருடம் அந்த முப்பதில் ஒருவர். எழுபத்திரண்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி.

டிசம்பர் முதல் வாரம் புயல் வந்தது.

காலையில் ஜம்யாங் கீழே இறங்கியபோது கார் ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர். கறுப்புத் தண்ணீர். சாக்கடையும் மழையும் சேர்ந்தது. பரண் மேல் வைத்தது தவிர மூட்டை எல்லாம் மூழ்கிக் கிடந்தன. நனைந்த கம்பளி மூட்டை ஒன்று ஓர் ஆள் கனம் இருக்கும். அவரும் பவுல்சாமியும் ஒவ்வொன்றாக இழுத்துவந்து மாடிப்படியில் போட்டார்கள். பிறகு ஜம்யாங் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எதிர் பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா ஜம்பு, மூட்டையைக் கட்டிண்டு உக்காந்தா காஞ்சுடுமா? ஆத்துக்கு ஒண்ணா குடு! டேய் வத்சா, எல்லார் ஆத்துலயும் போய்ச் சொல்லு!"

மாமியின் குரலுக்கு அந்தச் சந்தில் மேல்முறையீடு கிடையாது. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மூட்டை போய்விட்டது. ஐவி டீச்சர் தன் வீட்டு ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் மப்ளர் கட்டினார். மூன்றாம் மாடியில் தங்கியிருந்த சாப்ட்வேர் பையன்கள் உடற்பயிற்சிக் கம்பியில் ஸ்வெட்டர் மாட்டினார்கள். மூன்றாம் நாள் மின்சாரமும் வெயிலும் சேர்ந்து வந்தபோது, பால்கனி, மொட்டைமாடி, மதில், பால் பூத்தின் கூரை என்று எங்கே பார்த்தாலும் சிவப்பு, நீலம், பச்சை. சென்னையில் ஒரு சந்து முழுவதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றது. ஜம்யாங் நடுத்தெருவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. அவருடைய மொழி அது.

காசி மூட்டையை அவர் வேறு யாரிடமும் கொடுத்துவிடவில்லை. தேடிப் பார்த்துத் தன் கையாலேயே மாமி வீட்டில் கொண்டுபோய் வைத்தார். மாமி கை சுத்தம் என்பது அவர் கணக்கு. பச்சைத் தண்ணீரில் அலசுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. பனிநாட்டில் பிறந்தவருக்குக் கம்பளியைப் பற்றி அதை ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பதே தோன்றாது. காவேரிக்கரையில் பிறந்து மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்ட மாமிக்கோ, கம்பளி என்றால் மடி. பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டு கிடையாது. அதனால் அவர் வாழ்நாளில் ஒரு கம்பளியையும் துவைத்ததே இல்லை. ஆனால் இதில் பட்டிருப்பது சாக்கடை ஜலம் ஆயிற்றே. மூட்டையைப் பிரித்து, சேறு அப்பிய உருண்டைகளை அப்படியே வாரி மெஷினில் போட்டு, அறுபது டிகிரி வைத்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிறகு மொட்டைமாடியில் உலர்த்தி, ஈர வாடை போகச் சாம்பிராணி காட்டி, வேப்பிலை இடையில் வைத்து அடுக்கி, தானே படியிறங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். முட்டிவலியோடு.

"பாத்துக்கோடா. புதுசு மாதிரி பண்ணிட்டேன். எல்லாம் குழந்தேள் சைஸா இருக்கே! இத்தனூண்டு இத்தனூண்டா, என்ன அழகு! இதைப் போய்ச் சேத்துல விட்டியே."

ஜம்யாங் மேலே இருந்ததைக் கையில் எடுத்தார். ஆறடி மனிதனுக்குப் பின்னிய ஸ்வெட்டர். இப்போது ஐந்து வயதுப் பையனுக்கும் இறுக்கும். பின்னல் கண்ணே தெரியாமல் சுருங்கி, பலகை மாதிரி கெட்டித்துப் போயிருந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

"என்னடா ஜம்பு, பேச்சையே காணும்?" என்றார் மாமி.

"ஆமா மாமி" என்றார் ஜம்யாங். "கொயந்தைங்களுதுதான். சூப்பரா கீது."

மாமி திருப்தியோடு படியேறிப் போனார். சாம்பிராணி வாசனை மட்டும் கடையில் நின்றது.

நூர் முஹம்மது ஒரு ஸ்வெட்டரை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பார்த்தார். தொப்புள் வரைக்கும் வரவில்லை. "யோவ், இது காசி மூட்டைதானே? முப்பது பேருக்கு இன்னா குடுப்பே? இப்ப சொல்லியனுப்புனா கெடைக்குமா?"

"கெடைக்காது."

"அப்போ அந்தம்மாகிட்ட சொல்லுய்யா! வாய்ல இன்னா வெச்சுக்கினு கீறே? அவுங்களும்தானே அந்த ரயில்ல போறாங்கோ?"

ஜம்யாங் திரும்பிப் பார்த்தார். பவுல்சாமியின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் உள்ளே மதியத் தூக்கம். அப்போதுதான், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, நூர் முஹம்மது முன்னால் இடது ஷூவைக் கழற்றினார்.

"பவுலு இந்தக் கால நைட்டு ஃபுல்லா ஸ்டவ்வுல காட்டுனான். அவன் கையே கொப்புளமாப் போச்சு. வுடல. காலைல ஹெலிகாப்டர் வந்துச்சு. டாக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? பனி கடிச்ச கால நெருப்புல காட்டக் கூடாதாம். வெதுவெதுன்னு தண்ணியில மொள்ளமா வைக்கணுமாம். ஸ்டவ்வுல காட்டாம இருந்தா விரலு நின்னுருக்கும்னாரு."

நூர் முஹம்மதுவுக்குக் கை மெஷின் சக்கரத்தில் நின்றுவிட்டது. "பவுலண்ணனுக்குத் தெரியுமா இது?"

"இன்னாத்துக்கு? அன்னிக்கு யார் வேணா தூங்கியிருக்கலாம். அவன் தூங்கல. விரல் போச்சு, கால் கீது. பவுலு கீறான்." ஷூவை மாட்டிக்கொண்டார். "மாமிக்கு முட்டிவலி. நம்ம மூட்டைக்காக எத்தினி வாட்டி படி ஏறி எறங்கினாங்க, நீ பார்த்தே இல்ல?"

நூர் முஹம்மது மார்பில் வைத்துப் பார்த்த ஸ்வெட்டரை மடித்துப் பலகையில் வைத்தார். "சரி, இப்போ இன்னா பண்றது?" என்றார்.

ஜம்யாங் சுருங்கிய ஸ்வெட்டரை மறுபடியும் கையில் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தினார். முகர்ந்து பார்த்தார். ரோடு முகாமில் அவருடைய அம்மா இதைத்தான் வேண்டுமென்றே செய்வாள். கம்பளியின் மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, காலால் மிதித்து மிதித்து இறுக்கி, அதை வெட்டி ஷூவுக்குள் வைப்பாள். காற்று நுழையாது. மாமியின் மெஷின் அரைநாளில் செய்தது, அம்மாவுக்கு இரண்டு நாள் வேலை.

"நூரு, கத்திரி குடு."

ஒரு கையைத் தோளோடு வெட்டினார். இழை ஒன்றுகூடப் பிரியவில்லை. மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. கையில் ஒரு குழாய் நின்றது. பேன்ட்டைச் சுருட்டி அதை முட்டி வரை ஏற்றினார். தோள் பக்கம் அகலமாகப் பின்னிய கை, சுருங்கியதில் முட்டிக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. நூர் முஹம்மது குனிந்து பார்த்து, "மேல எலாஸ்டிக் வெச்சுத் தெச்சா நழுவாது" என்றார். அன்றைக்கு ஜிப் அறுந்த பெட்டிகள் காத்திருந்தன.

பத்து நாளில் முப்பது ஜோடி முட்டியுறை தயாரானது. உடம்புப் பகுதியைப் பாதம் பாதமாக வெட்டிச் செருப்புக்குள் வைக்கிற மெத்தை ஆக்கினார்கள். மிச்சத்தில் காது மூடுகிற பட்டை. அந்த வருடம் லாபம் என்று ஒன்று இல்லை என்பது ஜம்யாங்குக்குத் தெரியும்.

பொங்கலுக்கு முந்தைய திங்கட்கிழமை கணேசமூர்த்தி முப்பது பேரையும் சந்துக்கு அழைத்து வந்தார். பெரிய ஸ்வெட்டர் எங்கே என்று அவர் கேட்பதற்குள் ஜம்யாங், லூதியானா ஸ்வெட்டர் மூன்றைக் கையில் தூக்கிக்கொண்டு பட்டாளத்துக் குரலுக்கு மாறிவிட்டார்.

"தடிமனா ஒண்ணு போடாதீங்கோ. மேல நாங்க அப்டி போட மாட்டோம். மெல்லிசு மூணு. ஒண்ணு மேல ஒண்ணு. நடுவுல காத்து நிக்கும், அதான் சூடு. முட்டிக்கு இது, காலுக்கு இது, காதுக்கு இது. குளிச்சிட்டு ஏறுனதும் மொதல்ல முட்டி. அப்பறம் சாமி."

முப்பது பேருக்கு முன்னால் என்பதாலோ என்னவோ, அன்றைக்கு "ங்கோ" வந்துவிட்டது. பவுல்சாமி நாற்காலியிலிருந்து எழுந்து, "நல்லாக் கேட்டுக்கோங்க. இவர் கால நாந்தான்…" என்று ஆரம்பித்தார். "ஆமா. பவுலுதான்" என்றார் ஜம்யாங்.

ஜெயலக்ஷ்மி மாமி கடை ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியுறையை ஒரு காலில் ஏற்றினார். தடவிப் பார்த்தார். இன்னொன்றைக் கையில் எடுத்தவர், மாட்டாமல், மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். அவர் வீட்டுச் சாம்பிராணி. தையலோரத்தில் காய்ந்த வேப்பிலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்.

"ஜம்பு. அந்தக் குழந்தேள் ஸ்வெட்டர்லாம் வித்துடுத்தா?"

"எல்லாம் வித்துச்சு மாமி."

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். நூர் முஹம்மது மெஷினை வேகமாக ஓட்டினார். மாமி இரண்டாவது உறையையும் மாட்டிக்கொண்டு எழுந்து, எதிரே தன் வீட்டுப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். ஏறுமுன் திரும்பினார். அவர் கண் ஜம்யாங்கின் இடது ஷூவில் சற்று நின்றது, பிறகு மதிலோரம் நின்ற வெள்ளைக் காருக்குப் போனது. இருபத்தாறு வருடமாக எதிர் பால்கனியில் கீரை ஆய்கிறவர் கண்ணுக்கு நடுப்பகலில் கீழே நடக்கிற எதுவும் தப்பியிருக்காது.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு ஸ்ரீவத்சன் சாவியோடு இறங்கி வந்தான். காரைக் கிளப்பிப் பின்னால் எடுத்து, சந்தின் மறுகோடியில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டான்.

"இன்னா தம்பி, வண்டி ரிப்பேரா?" என்றார் ஜம்யாங்.

"தெரியல அங்கிள். இனிமே அங்கதான் விடணுமாம். அம்மா சொன்னா."

வெயில் வந்தது. பாய் அகலம் முழுவதும் வந்தது. ஜம்யாங் ஸ்டூலை நகர்த்தினார்; இந்தத் தடவை மூட்டையை மறைவுக்கு இழுக்கவில்லை. இடது ஷூவைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். கொஞ்சம் யோசித்து வலது ஷூவையும் கழற்றி, இரண்டு கால்களையும் வெயிலில் நீட்டிக்கொண்டார்.

காசி ரயில் சனிக்கிழமை காலை கிளம்புகிறது.